தேக்காவிலிருந்து கடலுக்கும் மேட்டுக்கும்

சிங்கப்பூரில் ஆக உயரமான இயற்கை இடம் புக்கிட் தீமா குன்று. உயரம் சுமார் 163 மீட்டர். ஊட்டிக்குப் பேருந்தில் ஏறிப் போனவர்களிடம் இதை ‘மலை’ என்று சொன்னால் சிரிப்பார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். காரில் போகும்போது கண்ணில் படாத மேடுகூட, மிதிக்கும்போது தொடைக்குத் தெரிந்துவிடும். கடலும் அப்படித்தான். வீடு, எம்ஆர்டி, அலுவலகம் என்று ஓடும் நமக்கு, தீவில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. சைக்கிளில் அரை மணி நேரம் போனால் கடல் எதிரில் வந்து நிற்கிறது.

இந்தப் பயணங்களைத் தொடங்க லிட்டில் இந்தியா வசதியான இடம். கிழக்கு, தெற்கு, வடக்கு என்று எந்தப் பக்கமும் இங்கிருந்து பிரியலாம். ஞாயிறு அதிகாலை 5.30 மணிக்கு சிராங்கூன் சாலையில் காய்கறி லாரிகளைத் தவிர வாகனங்கள் அதிகம் இருக்காது. திரும்பி வரும்போது தேக்காவில் தோசையும் தேநீரும் தயாராக இருக்கும். எருமையின் பெயரைத் தாங்கிய பஃபலோ ரோடும், அதையே மலாயில் சொல்லும் கெர்பாவ் ரோடும், ஒரு காலத்தில் இது மாட்டுத்தொழுவங்களின் வட்டாரம் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கிழக்கே, காற்றோடு ஒரு பந்தயம்

முதல் வழி கடற்கரை வழி. ரோச்சோர் கால்வாய்ப் பக்கமாகக் காலாங் படுகைக்கு வந்து, தேசிய விளையாட்டரங்கத்தைக் கடந்து, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குள் நுழையுங்கள். சிங்கப்பூரின் முதல் பயணிகள் விமான நிலையம் 1937ல் திறக்கப்பட்டது இந்தக் காலாங்கில்தான். இங்கிருந்து சாங்கி விமான நிலையத்தின் ஓரம்வரை மிதிப்பது, நம் ஊரின் விமானப் போக்குவரத்து வரலாற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படிப்பதைப்போல.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா நிற்கும் தரை, 1960களில் தொடங்கிய நிலமீட்புப் பணியால் கடலிலிருந்து கிடைத்தது. பாதை சமமானது, பிள்ளைகளுக்கும் ஏற்றது. பூங்கா முடிந்ததும் தானா மேரா கோஸ்ட் ரோடு. சாலை சைக்கிள்காரர்களுக்கு மிகவும் பிடித்த நீண்ட நேர்சாலை இது. தலைக்கு மேலே விமானம் இறங்கும்; முகத்தில் உப்புக் காற்று அடிக்கும். தேக்காவிலிருந்து சாங்கி கிராமம்வரை சுமார் 30 கிலோமீட்டர்.

காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றில், போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளும் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். போகும்போது ‘இன்று நமக்கு நல்ல பலம்’ என்று தோன்றினால், திரும்பும் வழிக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

சாங்கி கிராமத்தில் நாசி லெமாக் சாப்பிட்டதோடு நிறுத்த வேண்டியதில்லை. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும் படகில் புலாவ் உபினுக்குப் போகலாம். அங்கே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். மண்சாலை, ரப்பர் மரங்கள், நீர் நிறைந்த பழைய கல்குவாரிகள் என்று ஒரு கிராமப்புறமே காத்திருக்கிறது. ஜோகூர் கடற்பாலம் கட்டப்பட்டபோது உபினின் கருங்கல்லும் அதற்குப் பயன்பட்டது. தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா கரையில் நிலமீட்பு செய்வதாக இருந்த திட்டம், மக்கள் குரல் கொடுத்ததைத் தொடர்ந்து 2001 டிசம்பரில் ஒத்திவைக்கப்பட்டது. இன்று அங்கே மரப்பாலத்தில் நடந்து கடற்புல்லையும் நண்டுகளையும் பார்க்கலாம். சைக்கிளை மட்டும் வெளியே நிறுத்திவிட வேண்டும்.

தெற்கே மேடு, நடுவே பழைய தண்டவாளம்

மேடு வேண்டும் என்பவர்களுக்கு ஃபேபர் மலை. தேக்காவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் அதன் அடிவாரத்தை எட்டிவிடலாம். ஏற்றம் குறுகியது, ஆனால் வளைந்து வளைந்து போகும். உச்சியில் நின்றால் துறைமுகமும் செந்தோசாவும் ஒரே பார்வைக்குள் வரும். அங்கிருந்து மேற்கே கெண்ட் ரிட்ஜ் மேட்டை ஊடறுத்துச் செல்லும் சவுத் புவன விஸ்தா ரோடு, வளைவுகளுக்குப் பெயர்போனது. இறங்கும்போது இரண்டு பிரேக்கிலும் கை இருக்கட்டும்.

குடும்பத்தோடு போவதற்கு ‘ரெயில் காரிடார்’ என்ற பசுமைப் பாதை உண்டு. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை சுமார் 24 கிலோமீட்டர். மலாயா ரயில் ஓடிய இந்த நிலம் 2011 ஜூலை 1ல் சிங்கப்பூரிடம் திரும்பியது. 1932ல் கட்டப்பட்ட புக்கிட் தீமா ரயில் நிலையம் புதுப்பிக்கப்பட்டு, 2022ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. மெல்லிய டயர் உள்ள பந்தய சைக்கிளைவிட அகலமான டயர் இங்கே நல்லது.

மலாயாவின் ரயில் பாதைகளைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரிது. இப்போது காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தின் ஓரம் எழுப்பிய சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கியதுதான். பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் இதைச் சொல்லிக் காட்டலாம்.

வடக்கே, ஊர் முடியும் இடம்

நீண்ட தூரம் பழகியவர்களுக்கு மண்டாய் சாலை. இருபுறமும் காடு, ஏறி இறங்கும் தார்ச்சாலை. அதைத் தாண்டினால் கிராஞ்சி போர் நினைவிடம். சரிவான புல்வெளியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள்; மேலே உள்ள சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், அவற்றில் இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் உண்டு. சைக்கிளை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நடக்க வேண்டிய இடம். அப்பால் நியோ தியூ சாலையும் லிம் சூ காங்கும். பண்ணைகள், மரங்கள், சில இடங்களில் சேவல் கூவும் சத்தம். சிங்கப்பூரில்தான் இருக்கிறோமா என்று கேட்கத் தோன்றும்.

தீவைச் சுற்றிவரும் 150 கிலோமீட்டர் பாதை ஒன்றும் உருவாகிறது. அதன் கிழக்குப் பகுதியில் 75 கிலோமீட்டர் 2021 இறுதியில் நிறைவடைந்தது. சாலையில் ஓட்டப் பயப்படுபவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரே சிக்னலில் இரண்டு சைக்கிள்கள்

ஞாயிறு காலை லிட்டில் இந்தியா சிக்னலில் நின்று பாருங்கள். இறுக்கமான உடை, கார்பன் சட்டம் போட்ட சைக்கிள், ஒளிரும் விளக்குகள் என்று ஒருவர் நிற்பார். பக்கத்தில் கூடையில் மளிகைப் பையோடு, துருப்பிடித்த சைக்கிளில் ஒரு வெளிநாட்டு ஊழியர் நிற்பார். முதலாமவருக்கு இது உடற்பயிற்சி. இரண்டாமவருக்கு இதுதான் வாகனம்.

நம் சமூகத்துக்கு இரண்டாவது சைக்கிள்தான் பழைய உறவு. வீடு வீடாகப் பால் ஊற்றியவரும், மணியடித்து ரொட்டி விற்றவரும், விடியும் முன் நாளிதழ் போட்டவரும் சைக்கிளில்தான் வந்தார்கள். அவர்களில் பலர் நம்மவர்கள். ‘சைக்கிளா? ரோட்டிலா? வேண்டாம்’ என்று இன்று பதறும் பல அம்மாக்களின் தாத்தாக்கள் அப்படித்தான் குடும்பத்தை நடத்தினார்கள்.

அம்மாக்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் குறைக்கத்தான் விதிகள். சாலையில் தலைக்கவசம் கட்டாயம். இருட்டில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் வேண்டும். விரைவுச்சாலைக்குள் போகக்கூடாது. ஒருவர் பின் ஒருவராகப் போனால் ஒரு குழுவில் ஐவர். இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர். 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள இந்த வரம்பை மீறினால் அபராதம் 150 வெள்ளி. ஒரே தடம் கொண்ட சாலைகளில் இருவர் இணையாக ஓட்டக்கூடாது. பூங்கா இணைப்புப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். சைக்கிளைக் கடக்கும்போது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது கார் ஓட்டுபவர்களுக்கான வழிகாட்டுதல்.

இந்த விதிகளை நாம் தெரிந்துகொள்ள வழிகள் நிறைய. விடுதியிலிருந்து வேலையிடத்துக்கு இருட்டில் மிதிக்கும் ஊழியருக்கு யார் சொல்வார்கள்? பூங்காக்களில் நமக்குப் பாதுகாப்பான பாதை இருக்கிறது. அவர் போகும் தொழிற்பேட்டைச் சாலையில் பல நேரம் கனரக லாரிதான் துணை.

அதனால் தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டே யோசனைகள். முதல் மாதம் விலை உயர்ந்த சைக்கிள் வாங்காதீர்கள். வாடகைச் சைக்கிளில் ஈஸ்ட் கோஸ்ட்வரை போய் வாருங்கள். பிறகு சொந்த சைக்கிளுக்கு விளக்கு வாங்கும்போது, பின்னால் மாட்டும் சிவப்பு விளக்கு ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் அண்ணனின் சைக்கிளில் விளக்கு இல்லையென்றால், பச்சை விழுவதற்குள் கொடுத்துவிடலாம்.