இருபது ஆட்டங்கள்

சதுரங்கத்தில் நாம் வென்ற ஆட்டங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆயினும் 2006 ஆம் ஆண்டில் நம் வீட்டில் சதுரங்கப் போட்டி நடைபெறாத வார இறுதி அரிது. ஆடியவர் எவரும் மனிதர் அல்லர். ஒரே கணினிக்குள் இரண்டு நிரல்கள் எதிரெதிரே அமர்ந்து ஆடும். நாம் நடுவர், ஆட்டக் குறிப்பாளர், நள்ளிரவுக்குப் பின் ஒரே பார்வையாளரும் நாமே.

தமிழ் இலக்கியம் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று துறையில் கேட்காதவர் இல்லை. நமக்கு அவை பாத்திரங்களாகத் தெரிந்தன என்பதைத் தவிர வேறு விடை அன்றும் இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹையட்டின் கிராஃப்டி, நெடுங்காலம் வகுப்பெடுத்த ஆசிரியரைப்போல் நிதானமாக ஆடும். பிரான்சைச் சேர்ந்த ஃபேபியன் லெடூசியின் ஃப்ரூட், 2005இல் ரெய்க்யாவிக் நகரில் நடந்த உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அதன் 2.1 பதிப்பின் மூலநிரலை எவரும் படிக்கலாம். அதைத் திருத்திப் பிறந்தது டோகா. முதல்நூல், வழிநூல் என்று பாடம் நடத்தும் நமக்கு அந்த உறவு புதிதாகத் தோன்றவில்லை. நார்வேக்காரரான டோர்ட் ரொம்ஸ்டாட் எழுதிய குளோரங்கும் வந்து சேர்ந்தது. இவையெல்லாம் இலவசம். இவற்றை மோதவிட்டு முடிவுகளைப் பட்டியலிடும் அரீனா என்ற மென்பொருளும் இலவசமே.

போட்டி நடத்துவது பொத்தானை அழுத்திவிட்டு உறங்கப் போகும் வேலை என்றுதான் முதலில் எண்ணினோம். முதல் போட்டி முழுவதையும் குப்பையில் போட நேர்ந்தது. எதிரி யோசிக்கும் நேரத்தில் தானும் யோசிக்கும் வசதி இந்நிரல்களுக்கு உண்டு. நம் கணினியிலோ ஒரே ஒரு செயலி. ஆகவே ஒன்றின் முறை வரும்போது மற்றது அதன் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தது. அந்த வசதியை அணைத்தோம். அடுத்த சிக்கல், தொடக்க நகர்வுகள். நிரல்களைத் தம் போக்கில் விட்டால் ஆடிய ஆட்டத்தையே மீண்டும் ஆடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. ஆளுக்கொரு தொடக்க நூலைத் தந்தால் வென்றது நிரலா, நூலா என்பது தெரியாது. இதற்கெனவே ஆங்கிலேய கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் தேர்ந்தளித்த பத்து நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையிலிருந்தும் வெள்ளையாக ஒரு முறை, கறுப்பாக ஒரு முறை ஆடினால் இருபது ஆட்டங்கள். இந்த இருபது நமக்கு நீதியின் எண்ணாகவே தோன்றிவிட்டது.

கணிதத் துறையில் நம்மினும் சில ஆண்டுகள் மூத்த நண்பர் ஒருவர் இருந்தார். நம்மைத் 'தமிழய்யா' என்றே அழைப்பார். நாம் அவரைச் 'சார்' என்போம். வீட்டில் கணினி இல்லாத அவர், துறை ஆய்வகத்தில் மாலை மணி அடித்தபின் அமர்ந்து தாமே ஒரு சதுரங்க நிரலை எழுதிவந்தார். கிராஃப்டியிடம் பத்துக்குப் பத்தும் தோற்கும் நிரல்தான். ஆனால் விதி பிறழாமல் ஆடியது. கோட்டை கட்டிய அரசனுக்கு முன் நிற்கும் சிப்பாய்களுக்கு மதிப்பிடவும், எதிர்ச் சிப்பாய்களின் தடையின்றி முன்னேறக்கூடிய சிப்பாயை இனங்காணவும் அதற்குக் கற்பிக்க மூன்று மாதம் செலவிட்டார். ஒரு சனிக்கிழமை, பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கொண்ட குறுவட்டை நம் கையில் கொடுத்து, "எது மேல் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், தமிழய்யா. நான் பெற்ற பிள்ளை. எனக்குக் கண் தெரியாது" என்றார்.

ஆட்டத்திற்கு இரு தரப்புக்கும் பதினைந்து பதினைந்து நிமிடம் வைத்தோம். இரவெல்லாம் ஓடியது. ஒரு மணிக்கு மின்சாரம் போய் யு.பி.எஸ். அலறியது; நல்லவேளை, அடங்குவதற்குள் வந்துவிட்டது. பதினேழாவது ஆட்டத்தை விழித்திருந்து பார்த்தோம். புதிய பதிப்பு, தான் புதிதாகக் கற்ற தடையற்ற சிப்பாயின்மேல் மையல்கொண்டு அதை ஏழாம் வரிசை வரை ஓட்டியது. அதைக் காக்க ஒரு குதிரையைத் துறந்தது. பின் ஒரு யானையையும் துறந்தது. அரசியாகாமலே சிப்பாய் வீழ்ந்தது. விடிந்தபோது பழையதற்கு 9 வெற்றி, புதியதற்கு 6, சமன் 5. பதினொன்றரைக்கு எட்டரை.

திங்களன்று தேநீர் வேளையில் தீர்ப்பைச் சொன்னோம். எண்ணோடு நிறுத்தியிருக்கலாம். கதை சொல்லியே பிழைப்பவர்கள் அல்லவா, அந்தப் பதினேழாம் ஆட்டத்தையும் விரித்துரைத்தோம். உடனிருந்த இருவர் சிரித்தனர். நண்பரும் சிரித்தார். பழைய பதிப்புக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னவர், சில வாரங்களில் அதையும் விட்டுவிட்டார். மாலைகளில் ஆய்வகத்தில் விளக்கு எரியவில்லை. அடுத்த ஆண்டு அவர் வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டார்.

பிற்பாடு குளோரங்கிலிருந்து, 2008இல், மார்கோ கொஸ்டால்பாவின் கையில் ஸ்டாக்ஃபிஷ் பிறந்தது. இன்று உலகின் முன்னணிச் சதுரங்க நிரல் அது. அதன் ஒவ்வொரு சிறு திருத்தத்தையும் 2013 முதல் ஆர்வலர்கள் தத்தம் கணினிகளில் ஆடவிட்டுச் சோதிக்கின்றனர். ஒரே ஒரு வரியை மாற்றுவதற்குப் பல்லாயிரம் ஆட்டங்கள். ஏன் இத்தனை என்று வியந்து கணக்கைப் படித்தபோதுதான் நெஞ்சில் சுருக்கென்றது. இருபது ஆட்டங்களின் முடிவில் தரப்புள்ளி ஏறத்தாழ 130 வரை இப்பக்கமோ அப்பக்கமோ பிழைபட இடமுண்டு. நாம் கண்டு தீர்ப்புரைத்த வேறுபாடோ ஐம்பது புள்ளிச் சொச்சம். நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தீர்ப்பளித்திருந்தாலும் பெரிய வேறுபாடு இருந்திராது. (ஐந்து வினாக்களைக் கொண்டு ஒரு மாணவரின் தமிழை அளந்து, அரை மதிப்பெண் வரை துல்லியமாகக் கையெழுத்திட்டுவரும் கை இது.)

சென்ற கோடை விடுமுறையில் பழைய புத்தகங்களுக்கிடையே அந்தக் குறுவட்டு கிடைத்தது. கீறல் விழுந்திருந்தாலும் இரு பதிப்புகளும் படிந்து வந்தன. இன்றைய கணினியில் இயங்கவும் செய்தன. ஆயிரம் வெவ்வேறு தொடக்க நிலைகள். ஒவ்வொன்றிலும் நிறம் மாற்றி இரண்டாட்டம். ஆட்டத்திற்குச் சில விநாடிகளே. அன்றைய கணினியைவிட இன்றைய கணினி பன்மடங்கு வேகமாக எண்ணிவிடும். ஒரே சமயத்தில் நான்கு ஆட்டங்களாக ஓடவிட்டோம். இந்த முறை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்த்ததனால் வந்த வினை போதும்.

காலையில் 2,000 ஆட்டங்கள் முடிந்திருந்தன. புதிய பதிப்புக்கு 771 வெற்றி, 547 தோல்வி, 682 சமன். ஏறத்தாழ 39 புள்ளி மேல். பிழைக்கு இடம் பன்னிரண்டு பதின்மூன்று. ஐயத்துக்கு இடமில்லை. மூன்று மாத உழைப்பு அதற்குரிய பலனைத் தந்தே இருந்தது.

அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தோம். அடுத்த ஆண்டு ஓய்வுபெறப் போவதாகச் சொன்னார். இருவர் வீட்டு நலனும் பேசி முடித்தபின் செய்தியைச் சொன்னோம். நம் பிழை என்றும் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. மூலநிரல் நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, இயங்கும் கோப்புகள் மட்டுமே என்றோம். அவரிடமும் இல்லையாம், ஆய்வகத்தில் கணினிகளை மாற்றியபோது போயிற்றாம்.

"சமன் எத்தனை என்றீர்கள்?"

"682, சார்."

எழுதிக்கொள்கிறார் போலும். பிறகு சொன்னார்: "எல்லா ஆட்டங்களையும் அனுப்பிவையுங்கள், தமிழய்யா. அந்தப் பதினேழாம் ஆட்டம் இருந்தால் அதையும். அந்தச் சிப்பாயை எதற்காக அப்படி ஓட்டியது என்று பார்க்க வேண்டும்."

குறுவட்டில் அதுவும் இருந்தது. அன்றிரவே அனுப்பினோம்.