நாற்பதுக்கு மேல் கையில் ஒரு கேமரா

தா.பழூரில் நாற்பதைத் தாண்டியவர் செல்போனும் டிரைபாடுமாக வயலில் நின்றால், “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்று முதலில் வீட்டில்தான் கேட்பார்கள். பதிலுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துப் பெரியதம்பித் தாத்தாவைக் காட்டலாம். சமையல் வேலை பார்த்தவர் அவர். 2018இல் பேரன்கள் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலில் தாத்தாவும் இருந்தார். 2021இல் அது ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டிய யூடியூப் சேனல் அதுதான். பொருளின் பெயரை உரக்கச் சொல்லிக் கொட்டுவது, அம்மி அரைபடுவது, விறகு வெடிப்பது: அந்தச் சேனலின் இசை இவ்வளவுதான்.

பக்க வருமானத்துக்கு ஒரு கோடிப் பேர் வேண்டியதில்லை. கம்பெனிகள் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளவே வீடியோ வாங்குகின்றன. இதை யூஜிசி, அதாவது பயனரே உருவாக்கும் உள்ளடக்கம், என்பார்கள். எடுத்துக் கொடுப்பவருக்குப் பின்தொடர்பவர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கம்பெனிகள் பார்ப்பது வீடியோவைத்தான். நடுவயதுக்காரருக்கு இது தோதான இடம். இருபது வயதுப் பிள்ளை ஆடிப்பாடிச் செய்வதை இவர் செய்ய வேண்டாம். கை பழகிய வேலையைக் காட்டினால் போதும்.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரியை எடுத்துக்கொள்வோம். பருப்பைக் கிண்ணத்தில் குவித்து, “சுவையானது, சத்தானது” என்று பேசினால் பார்ப்பவர் விரல் அடுத்த ரீலுக்குப் போய்விடும். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டும் ‘டக்’கில் தொடங்க வேண்டும். அடுத்து, கொட்டையின் எண்ணெய் தோலைப் புண்ணாக்காமலிருக்கச் சாம்பல் தடவிய கை. பிறகு ஓட்டிலிருந்து உடையாமல் வரும் முழுப் பருப்பு. முகம் இதுவரை வரவே இல்லை. பேச்சு அதன் பிறகு, அதுவும் வீட்டில் பேசுகிற பேச்சாக. ஸ்கிரிப்டை மனப்பாடம் செய்தவரின் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். காலை வெயிலோ திண்ணை நிழலோ நல்லது. ரிங் லைட் பிறகு வாங்கிக்கொள்ளலாம், முதல் செலவு காலர் மைக். பம்ப்செட் மோட்டாரும் கொள்ளிடக் கரைக் காற்றும் குரலை விழுங்கிவிட்டால் எந்த எடிட்டிங்கும் காப்பாற்றாது. லென்ஸை வேட்டி நுனியாலாவது துடைத்துவிட்டு எடுங்கள். பல வீடியோக்கள் கெடுவது எண்ணெய்க் கறையால்தான்.

கம்பெனி அனுப்பும் குறிப்பில் (ப்ரீஃப்) சிக்கலான வரி ஒன்று இருக்கும். “சர்க்கரையைக் குறைக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், சார்” என்பார்கள். சொல்லக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. வீடியோவைத் தன் பக்கத்திலும் போடுபவருக்கு இன்னொரு கடமை உண்டு. காசோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீடியோ எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்கிறது 2023 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல். ஆகவே தமிழ் வீடியோவில் ‘விளம்பரம்’ என்று தமிழில் போடுவதே முறை. அப்படிப் போட்டால் ஜனம் பார்க்காது என்பது வீண் பயம். மறைத்தது பிறகு தெரியவந்தால்தான் ஊரில் தலைகாட்ட முடியாது.

காசுக்குப் பதில் பொருள் தருகிறோம் என்பதும் வழக்கம். ஓரிரு முறை, பழகுவதற்காக, ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்; மிக்ஸி கொடுத்தால் அரிசிக் கடைக்காரர் வாங்கிக்கொள்வாரா? அப்படி வரும் பொருளின் மதிப்பு ஓராண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப்பிடித்தம் உண்டு. 2022 ஜூலையில் வந்த விதி அது. வீடியோ எடுத்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவருக்கு அது பொருந்தாது.

கம்பெனி அந்த வீடியோவை எத்தனை மாதம் விளம்பரமாக ஓட்டலாம், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், பணம் எந்தத் தேதியில் வரும் என்ற மூன்றையும் பேசி முடித்துவிட்டு டிரைபாடைத் தொடுங்கள். வாய்ப்பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.