சாயாத வண்டி

இருபது வருஷம் பைக் ஓட்டியவர். விபத்தில் இடது முழங்கால் போனது. கியர் மாற்றவும் முடியவில்லை. சிக்னலில் காலூன்றவும் முடியவில்லை. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்தான் ஒரே வழி. ஆனால், 'அய்யோ பாவம்' என்று ஊர் பார்க்குமே என ஆறு மாதம் தள்ளிப்போட்டார். மகளைப் பள்ளிக்கு ஆட்டோவில் அனுப்பும் ஒவ்வொரு காலையும் உறுத்தியது. ஒருவழியாகச் சக்கரம் மாட்டி, ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஆர்.சி-யிலும் மாற்றத்தைப் பதிந்தார்.

பைக் வளைவில் சாயும், இது சாயாது. பழக்கதோஷத்தில் உடம்பைச் சாய்த்தால் திரும்பாது. ஹேண்டிலைத்தான் திருப்ப வேண்டும். வேகத்தோடு திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிவிடும். பள்ளத்துக்கு முன்சக்கரம் தப்பினாலும் பக்கச் சக்கரம் இறங்கிவிடும். ஒரு மாதம் காலி மைதானத்தில் பழகினார்.

பள்ளி வாசலில் சிலர் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள். "சாயங்காலமும் நீங்கதானே வருவீங்கப்பா?" என்றாள் மகள்.