பிரேக் இல்லாத வண்டி

ஞாயிறு

அண்ணன் மகன் சென்னையிலிருந்து ஒரு வண்டி கொண்டுவந்திருக்கிறான். அக்கம்பக்கமாக இரண்டு சக்கரம், நடுவே நிற்க ஒரு பலகை, முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு. சீட் இல்லை, கைப்பிடி இல்லை. “ஏறி நின்னா போதும் சித்தப்பா, அதுவே பாத்துக்கும்” என்றான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவனிடம் அப்படிச் சொல்லலாமா?

சாயங்காலம் நெல் களத்துக்குப் போனோம். அறுவடை முடிந்து சிமெண்ட் தரை காலியாகக் கிடந்தது. பழக இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. ஏறுவதில்தான் முதல் பாடம். தண்டைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்தி ஒரு காலை லேசாக வைத்தால் ‘பீப்’ என்று சத்தம் வரும், அப்போதே வண்டி சமநிலைக்கு வந்துவிடும். ஆனால் எடை முழுக்க இன்னும் தரையில் உள்ள காலில்தான் இருக்க வேண்டும். பிறகு மெல்ல மாற்றி, மாடிப்படி ஏறுகிற மாதிரி மற்ற காலை வைக்க வேண்டும். தாவி ஏறினால் வண்டி முன்னே ஓடிவிடும்.

ஏறி நின்றதும் வண்டி முன்னும் பின்னும் வெடவெடக்கும். உண்மையில் ஆடுவது வண்டி இல்லை, நிற்கிறவர்தான். பாதத்தைப் பார்த்தால் தலை முன்னே சாய்கிறது, வண்டி நகர்கிறது, பயந்து பின்னே சாய்ந்தால் வண்டியும் பின்னே வருகிறது. “கீழ பாக்காதீங்க, சித்தகிரி மலையைப் பாருங்க” என்றான். மலைமேல் இருக்கும் முருகன் கோயிலைப் பார்த்துக்கொண்டு முழங்காலைத் தளர்த்தினேன். ஆட்டம் நின்றது.

திங்கள்

இன்று தூக்கம் பிடிக்காமல் வண்டியின் கணக்கை யோசித்தேன். உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்துகிற பிள்ளை, குச்சி சாய்கிற பக்கம் கையை நகர்த்துமே, அதேதான் இங்கே நடக்கிறது. நாம் முன்னே சாய்கிறோம். விழுவதற்குள் மோட்டார் சக்கரத்தை நம் எடைக்குக் கீழே கொண்டுவந்து விடுகிறது. 2001 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவில் டீன் கேமன் அறிமுகப்படுத்திய, இந்த வகைக்கு முன்னோடியான செக்வே வண்டியில் கைரோ உணரிகள் சாய்வை நொடிக்கு சுமார் நூறு தடவை அளந்தன. ஆளை ஏற்றிக்கொண்டு மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வரை போகும்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம்மைத் தாங்க வேண்டுமானால், இப்போது போகும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓட மோட்டாரில் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். உச்ச வேகத்தில் போய்க்கொண்டே இன்னும் சாய்ந்தால் அந்த மிச்சம் தீர்ந்துவிடும். அதனால்தான் எல்லையை நெருங்கும்போது பலகை முன்பக்கம் மேலெழும்பி நம்மைப் பின்னே தள்ளுகிறது. அதை மல்லுக்கட்டி ஜெயிக்கப் பார்ப்பவர் முகம் குப்புற விழுவார். பேட்டரி இறங்கியிருந்தால் எல்லை இன்னும் கீழேயே வந்துவிடும்.

செவ்வாய்

வண்டிக்கான போன் செயலியில் அவன் என்னென்னவோ வைத்திருக்கிறான். வேக வரம்பு அதிகபட்சம், திருப்பும் கூர்மையும் அதிகபட்சம். இரண்டையும் குறைத்தேன். அவன் முகம் சுருங்கியது.

வேக வரம்பைப் பத்து கிலோமீட்டரில் வைத்தது பயத்தினால் இல்லை; நேற்று சொன்ன மிச்சத்துக்காக. திருப்பும் கூர்மை வேறு விஷயம். அதை அடிமட்டத்தில் வைப்பதும் தப்பு. தண்டை முழங்காலால் பலமாகத் தள்ளினால்தான் திரும்பும், தள்ளுகிற அவசரத்தில் உடம்பும் சாயும், வேகம் தானே கூடும். மிக அதிகமாக வைத்தாலோ, லேசாகக் கால் பட்டதும் வெடுக்கென்று திரும்பி ஆளைப் பக்கவாட்டில் உதறிவிடும். நடுவுக்குச் சற்றுக் கீழே வைத்தோம். தண்டை இரு முழங்காலுக்கும் நடுவில் வைத்து, திரும்ப வேண்டிய பக்கம் இடுப்போடு சேர்ந்து மெல்லத் தள்ள வேண்டும்.

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தான். செயலியில் கைவைக்கும் முன் டயரை அமுக்கிப் பார்த்தேன். இடது டயரில் காற்று குறைவு. சைக்கிள் கடையில் இரண்டிலும் ஒரே அளவு அடித்ததும் இழுப்பு போய்விட்டது. பிள்ளைகள் எப்போதும் இப்படித்தான்: போனில் தேடுவார்கள், டயரைத் தொடமாட்டார்கள்.

சந்தை நாள்

இன்று ஓட்டவில்லை. கடைத்தெருவில் ஆடு, கயிறு, காய்கறிக் கூடை, விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப்போகிற டிராக்டர். இவற்றுக்கு நடுவே கைப்பிடி இல்லாத வண்டியா? தள்ளிக்கொண்டு போனோம். ஆட்டுக்காரப் பாட்டி ஒருத்தி மறித்தாள்.

“வாத்தியாரே, இதுல பிரேக்கு எங்க இருக்குது?”

“குதிகால்ல இருக்குது பாட்டி.”

அவள் சிரித்தாலும் பதில் சரியானதுதான். இதில் ஆக்ஸிலரேட்டரும் இல்லை, பிரேக்கும் இல்லை. விரல் பக்கம் எடை போனால் ஓடும், குதிகால் பக்கம் வந்தால் நிற்கும். நாற்காலியில் உட்காரப்போகிற மாதிரி இடுப்பை மட்டும் பின்னே இறக்க வேண்டும். தோளைப் பின்னே எறிந்தால் வண்டி முன்னே பாய்ந்து ஆள் மல்லாந்து விடுவார். நிற்பதற்கு இரண்டு மூன்று மீட்டர் தேவை. குறுக்கே ஓடும் ஆட்டுக்குட்டி அவ்வளவு இடம் தராது. பாட்டி கடைசியில் சொன்னாள்: “அப்போ ஆட்டுக்குத்தான் பிரேக்கு வைக்கணும்.”

வியாழன்

மேடு பள்ளம் பார்க்க மலையடிவாரப் பக்கம் போனோம். நல்ல தார்ச்சாலையில் ஏற்றம் ஏறுகிறது, ஆனால் மோட்டார் முனகும்போது சாய்வைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஜல்லி சிதறிய இடத்தில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். அங்கே இறங்கி நடப்பதே உத்தமம். வேகத்தடையிலும் அப்படித்தான். இறங்குவதானால் பின்பக்கமாக, ஒரு காலை வைத்துவிட்டு மற்றதை எடுக்க வேண்டும். இறங்கும்போது தண்டைத் தன்பக்கம் இழுத்தால் வண்டி முழங்காலில் வந்து முட்டும்.

சின்ன விளிம்பு என்ன செய்யும் என்று அவனுக்கு யூடியூபில் காட்டினேன். 2015 ஆகஸ்டில் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் உசேன் போல்ட் 200 மீட்டர் தங்கம் வென்று வெறுங்காலோடு நடந்துவருகிறார். பின்னால் செக்வேயில் நின்று படமெடுத்த கேமராமேனின் சக்கரம் ஓரத்துத் தண்டவாளத்தில் முட்ட, வண்டியோடு போல்ட்டின் காலில் சரிந்தார். அதில் நின்று வேலை செய்கிறவருக்கே இந்த கதி. நல்லவேளை, பெரிய காயமில்லை.

இறக்கத்தில் இன்னொரு சங்கதி. கீழே இறங்கும்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. முழுச் சார்ஜ் போட்ட கையோடு நீண்ட இறக்கத்தில் இறங்கக்கூடாது. ஊட்டியில் மேட்டில் வீடு உள்ளவர்கள் இதை வாங்கினால் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும்.

சனி

பழைய செக்வேயின் உற்பத்தி 2020 ஜூலையில் நின்றுவிட்டது. அதே வகை நின்றோட்டும் வண்டிகளை மெரினாவில் போலீஸார் ரோந்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சமதளமான நடைபாதை, அளவான வேகம், அதற்கு ஏற்ற இடம். நம் ஊருக்கு இது வண்டியாகாது, களத்தில் ஓட்டும் விளையாட்டாக வேண்டுமானால் இருக்கட்டும். அவனிடம் சொன்னேன். கூடுவாஞ்சேரியில் தான் இருக்கும் அடுக்குமாடி வளாகத்துக்குள் மட்டும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டான். பத்து கிலோமீட்டர் வரம்பை மாற்றக்கூடாது என்றதற்கு மட்டும் பன்னிரண்டு என்று பேரம் பேசினான். விட்டுக்கொடுத்தேன்.

பொங்கலுக்கு வரும்போது மணிக்கட்டுக் காப்பு ஒரு ஜோடி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அண்ணி ஏறிப் பார்க்க வேண்டுமாம்.