பொய் சொன்ன சென்சார்

உங்க வீட்டுல பழைய கார் இருக்கா? அப்போ இது உங்களுக்குத்தான்.

எங்க அப்பாவோட கார் 2004 மாடல். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது, திடீர்னு 10-க்கு இறங்கிடுச்சு. காலையில ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும். சூடானதும் சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடும். ஃபியூவல் பம்ப், இன்ஜெக்டர்னு மாத்தியே 9,000 ரூபாய் போச்சு. பலன் இல்லை. "வித்துடலாம்டா"ன்னார் அப்பா. அந்தக் கார்லதான் எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தார்.

செமஸ்டர் லீவுல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினேன். நாலுலயும் கரி. அதாவது, தேவைக்கு மேல பெட்ரோல் போகுது. அதான் நிக்கும்போது இன்ஜினுக்கு மூச்சு முட்டுது. ஏன் போகுது? இன்ஜின் குளிர்ந்திருந்தா இசியூ கூடுதலா பெட்ரோல் அனுப்பும். இன்ஜின் நல்லா சூடானதும் ஆஃப் பண்ணி, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்ல மல்டிமீட்டரை வெச்சேன். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையணும். 80 டிகிரியில சுமார் 300 ஓம். காட்டினது 2,000-க்கு மேல! தகிக்கிற இன்ஜினை "இன்னும் குளிருது"ன்னு சொல்லிட்டிருந்திருக்கு.

புது சென்சார் 450 ரூபாய். இப்போ 15 கிடைக்குது. விக்கிற பேச்சே இல்லை.

முதல் வருஷ லேப்ல தெர்மிஸ்டர் ரீடிங்கைப் பக்கத்து நோட்டுல பார்த்து எழுதினவன் நான். நீங்களாவது அளந்து எழுதுங்க.