ஆச்சு ஆச்சு

2008-ம் வருஷம். புனேவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஹிஞ்சவடி கம்பெனி பஸ், கம்ப்யூட்டர், மறுபடி பஸ் என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் காலி. ஆட்டிசம் குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் உதவிக்கு ஆள் வேண்டுமாம், வர்றியா என்று ஆபீஸ் தோழி கேட்டாள். குழந்தைகள் என்றால் எனக்கு உசுரு. கதை சொல்லலாம், பாட்டுப் பாடலாம் என்று கிளம்பிவிட்டேன். ஆட்டிசம் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றிரண்டு சினிமாவில் பார்த்ததுதான்.

முதல் நாளே பாடம் கிடைத்தது. ஆறு வயசுப் பையன் ஒருவனை என் பொறுப்பில் விட்டார்கள். முகத்துக்கு நேரே குனிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பேர் என்ன, என்ன சாப்பிட்டாய், ஏன் பேச மாட்டேங்கிறாய் என்று என் ஓட்டை ஹிந்தியில் அடுக்கினேன். அவன் காதைப் பொத்திக்கொண்டான். நான் பாசமாக அந்தக் கையை எடுத்துவிட்டேன். நறுக்கென்று கடித்துவிட்டான்.

வகுப்பு நடத்தும் தாயி (மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள், அங்கே எல்லா டீச்சரும் தாயிதான்) மருந்து போட்டுக்கொண்டே சொன்னார்: "கோபத்தில் கடிக்கவில்லை. பக்கத்து அறையில் மிக்ஸி, மேலே ஃபேன், வரிசையாகக் கேள்வி, கையைப் பிடித்து இழுக்கும் புது ஆள். எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் அவன் என்ன செய்வான்? நீங்கள் முதலில் பேச்சைக் குறையுங்கள்."

வாயாடி என்று ஊரெல்லாம் பேர் எடுத்த எனக்கு வந்த சோதனை!

அடுத்த சில வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை. பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் பிடிபட்டது. சுவரில் வெல்க்ரோ ஒட்டிய நீள அட்டை. அதில் அன்றைய வேலைகள் வரிசையாகப் படங்களாக இருக்கும்: மணி கோர்ப்பது, ஊஞ்சல், சாப்பாடு, வீடு. ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தைப் பிய்த்து 'முடிந்தது' டப்பாவில் போட வேண்டும். அடுத்து என்ன என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படத்தை எடுத்து நம் கையில் கொடுப்பார்கள். பாஷை தெரியாத ஊருக்கு வந்த புதிதில் நாமும் கடையில் கை காட்டிக் காட்டித்தானே சாமான் வாங்கினோம்?

இந்தப் பையன் பேச மாட்டான். நகம் வெட்டினால், வெளியே ஹாரன் அலறினால் மட்டும் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு "ஆச்சாச்சு, ஆச்சாச்சு" என்பான். தாயியின் நோட்டில் 'அர்த்தமில்லாத ஒலி' என்று குறித்திருந்தது. படிவத்தில் வீட்டு மொழி இங்கிலீஷ் என்றிருந்ததால் நானும் யோசிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் என்று நினைக்கிறேன். அவன் ஷூவுக்குள் ஒரு கல் மாட்டிக்கொண்டது. நான் ஷூவைக் கழற்ற, அவன் அலற, என்னையறியாமல் தமிழில் "ஆச்சு ஆச்சு, இதோ ஆச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது. அவன் அலறலை நிறுத்திவிடவில்லை (சினிமா இல்லையே). ஆனால் அழுகைக்கு நடுவிலேயே என்னோடு சேர்ந்து சொன்னான்: "ஆச்சாச்சு."

வழக்கமாக அப்பாதான் கூப்பிட வருவார். அன்றைக்கு அம்மா வந்திருந்தார். "நீங்க தமிழா?" என்றேன். "ஆமாக்கா, கும்பகோணம்." பெரிய கண்டுபிடிப்பு மாதிரி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சின்னதுல தலைக்குத் தண்ணி ஊத்தினா கத்துவான்க்கா. ஆச்சு ஆச்சுன்னு சொல்லிக்கிட்டேதான் ஊத்துவேன். இப்ப ரெண்டு வருஷமா சொல்றதில்ல. ரெண்டு பாஷை பேசினா குழம்பிடுவான், வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்கு இங்கிலீஷ்ல கொஞ்ச வராதுக்கா. கம், சிட், ஈட்... அவ்ளோதான் பேசறேன். பாட்டி ஃபோன் பண்ணாக்கூட இவன்கிட்ட குடுக்கிறதில்ல."

எனக்குப் பேச்சே வரவில்லை. நான் கண்டுபிடித்தேன் என்று குதித்தது அவருக்கு இரண்டு வருஷக் கணக்கு.

பிற்பாடுதான் தேடிப் படித்தேன். ஆட்டிசம் பற்றி 1943-ல் பேர்பெற்ற கட்டுரை எழுதிய டாக்டர் லியோ கானர், 1946-ல் எழுதிய இன்னொன்றில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறார். எதையாவது தூக்கி எறியத் தோன்றினால், நாயை பால்கனியிலிருந்து எறியாதே என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்வானாம். அங்கே நாயும் இருக்காது, பால்கனியும் இருக்காது. எப்போதோ ஓட்டலில் அவன் பொம்மை நாயை எறிந்தபோது அம்மா சொன்ன வார்த்தை அது. நம் பையனும் அம்மா சொன்னதைத்தான் பத்திரமாக வைத்திருந்தான்.

மொழி விஷயத்திலும், 2012-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில் இரண்டு மொழி கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகள் அதனால் பேச்சில் கூடுதலாகப் பின்தங்கியதாகத் தெரியவில்லை. பிறகு வந்தவையும் அப்படித்தான் சொல்கின்றன. அந்த டாக்டரைத் திட்ட எனக்கு மனசில்லை. அந்தக் காலத்தில் பலரும் நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான்.

தாயி நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, 'ஆச்சு: சீக்கிரம் முடியட்டும்' என்று மராத்தியில் எழுதினார். 'முடிந்தது' டப்பாவுக்கே ஆச்சு டப்பா என்று பேர் விழுந்தது. மராத்திக் குழந்தைகள் இரண்டு பேர் படத்தைப் போடும்போது "ஆச்சு" என்றது தனிக் கூத்து.

அப்புறம் அவன் மடமடவென்று பேச ஆரம்பித்தான் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. படம் கொடுத்துத்தான் கேட்டான். ஆனால் அம்மா மறுபடி தமிழில் பேச ஆரம்பித்தார்.

நம் ஆட்களில் யாருக்காவது இப்படி ஒரு யோசனை வந்தால், தமிழை நிறுத்துவதற்கு முன்னால் இன்னொரு நிபுணரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மா ஓடி வந்து சொன்னார். முந்தைய ராத்திரி பாட்டி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாராம். பாட்டி பத்து நிமிஷம் பேசினாராம். இவன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லையாம்.

"காதைப் பொத்திக்கலக்கா" என்றார்.