செப்பு பாய்லரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

வீட்டுக்குப் பின்னால் வைத்து விறகு போட்டு எரிக்கிற செப்பு பாய்லரை இப்போதெல்லாம் பழைய பாத்திரக் கடைகளில்தான் பார்க்க முடிகிறது. முதலில் ஹீட்டர் வந்தது, பிறகு மொட்டை மாடியில் சோலார் வந்தது. "வேலூர் இல்லை, அது வெயிலூர். அங்கே வெந்நீர் எதற்கு?" என்று புதுச்சேரி உறவினர்கள் கிண்டல் செய்வார்கள். மார்கழி விடியலில் ஆம்பூர்ப் பக்கம் வந்து தலைக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

எங்கள் பாய்லர் 1978-இல் மாமனார் சீரோடு அனுப்பியது. சுமார் நாற்பது லிட்டர் பிடிக்கும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். தமிழில் கோப்பு எழுதவே வேலைக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். விறகு, அடுப்பு, சாம்பல் எல்லாம் அதற்கும் பிறகு.

புழக்கடையில் சுவரை விட்டு இரண்டடி தள்ளி, செங்கல் அடுக்கி மட்டம் பார்த்து உட்கார வைத்தோம். மேலே மழைக்கு ஒரு தகரம். நடுவில் ஒரு குழாய் நெட்டாகப் போகும். தீ அதற்குள், தண்ணீர் அதைச் சுற்றி. புனலில் ஊற்றும் பச்சைத்தண்ணீர் உள்குழாய் வழியாக அடிக்குப் போகும். சுட்ட நீர் லேசானது, ஆகவே மேலே நிற்கும். கீழே ஒரு சொம்பு ஊற்றினால் மேலிருக்கும் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வெளியே வரும். எவ்வளவு எடுத்தாலும் பாய்லர் காலியாகாது என்பதுதான் இதில் உள்ள புத்திசாலித்தனம். காலியாக இருக்கும்போது தீ மூட்டினால் பற்று வைத்த இடமெல்லாம் உருகிவிடும். மேல் துவாரத்தை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. ஆவி போக வழி வேண்டும்.

விறகு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொட்டாங்கச்சி, தென்னம்பாளை, சீமைக் கருவேலம், எது கிடைத்தாலும் எரியும். ஒன்றை மட்டும் போடாதீர்கள். எங்கள் பக்கம் ஷூ கம்பெனிகளில் வெட்டிக் கழித்த தோல் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், நன்றாகவும் எரியும். குரோம் போட்டுப் பதனிட்ட தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் விஷத்தன்மை மிகுந்த வடிவத்துக்கு மாறக்கூடும். பாத்திரம் துலக்குவது அந்தச் சாம்பலில்தானே?

பராமரிப்பு இரண்டு வகை. குழாயின் உட்பக்கம் கரி பிடிக்கும். கம்பியில் தேங்காய் நார் சுற்றி வாரம் ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். வெளிப்பக்கம், அதாவது தண்ணீர் தொடும் பக்கம், வெள்ளையாகப் படிவதுதான் தலைவலி. பிரெஞ்சில் இதற்கு "தார்த்ர்" என்று பெயர். பல்லில் படிவதற்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். தமிழில் நாமும் இரண்டையும் காரை என்கிறோமே என்று கவனித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். கடின நீரைச் சுட வைத்தால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து சூடான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். செம்பு கடத்தும் சூட்டில் சிறு பங்கைக்கூடக் காரை கடத்தாது. விறகு எரியும், தண்ணீர் சுடாது.

வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ராத்திரி முழுக்க ஊற விட்டால், நுரைத்து இளகிவிடும். காலையில் மரக்குச்சியால் தட்டிக் கொட்டிவிடலாம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டாம், அது பாய்லரையே தின்றுவிடும்.

ஆரம்பத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, இதைச் செய்வோம். கொட்டுவது ஒரு கைப்பிடி இருக்கும். எண்பதுகளின் கடைசியில் வருஷம் மூன்று தடவை ஆயிற்று. தொண்ணூறுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. முட்டை ஓடு போல இருந்தது ஓட்டுத்துண்டு போலக் கனத்தது. விறகுச் செலவு ஏறியது. மூக்கின் ஓரத்தில் பச்சைக் களிம்பு கட்டி, பற்று விட்டு ஒழுகியது. கன்னார் தெருவுக்கு இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாம் முறை அவர் பாய்லரைப் பார்க்கவில்லை. "எந்தக் கிணத்துத் தண்ணி?" என்றுதான் கேட்டார்.

எங்கள் மண்ணில் முன்பே சுண்ணாம்பு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு, மயிர் கழிக்கச் சுண்ணாம்பு, பதனிட குரோமியம் என்று தோல் ஷாப்புகளிலிருந்து வெளியேறியதெல்லாம் வருஷக்கணக்காகப் பாலாற்றுப் படுகையில்தான் இறங்கியது. பாய்லர் அதில் சுண்ணாம்பை மட்டும் காட்டிக்கொடுத்தது. உப்பு காரையாகப் படியாது. அதை நாக்கும், நுரைக்காத சோப்பும், கருகிய தென்னங்கீற்றும் சொல்லின. குரோமியத்தைச் சொல்ல வீட்டில் எதுவும் இல்லை.

நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் கிணறு கெட்டுப்போனதாக மனுக்கள் வரும். பதிவேட்டில் எண் போட்டு அடுத்த மேஜைக்கு அனுப்புவது என் வேலை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பேப்பரில் படித்துவிட்டு மாமனார், "கிணத்தை யார் திருப்பித் தருவாங்க மாப்பிள்ளை?" என்றார். அந்தக் கிணற்றைத் தோண்டும்போது அவரும் இறங்கி மண் அள்ளியவர். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாறு பற்றி மறுபடி உத்தரவிட்டது. அதைப் படிக்க அவர் இல்லை.

இப்போது குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. குளிக்க அது போதாது, ஆகவே பாய்லருக்குக் கிணற்று நீர்தான். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. கிணறு கைக்கு எட்டும் அளவுக்கு நிரம்பியது. அந்தத் தை மாதம் பாய்லரைத் திறந்தபோது பழையபடி ஒரு கைப்பிடிதான் கொட்டியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சித்திரை முடிவதற்குள் மறுபடியும் ஓட்டுத்துண்டு.